இரண்டாவது ஆடு

ஹைதராபாத்தில் ஆடுகளைப் பார்க்காமல் ஒரு வருஷம் கழியாது. ஆஷாட மாதத்தில் போனாலுப் பண்டிகை வரும்போது செகந்தராபாத் உஜ்ஜயினி மகாகாளி கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் மஞ்சள் பூசி வேப்பிலை கட்டிய ஆடுகள் நிற்கும். 1813-ல் இந்த இரட்டை நகரத்தில் காலரா பரவியபோது நேர்ந்துகொண்டதில் ஆரம்பித்த பண்டிகை என்று சொல்வார்கள். பக்ரீத் நெருங்கினால் மெஹ்திப்பட்டணம், டோலிசௌக்கி பக்கம் சாலையோரமெல்லாம் ஆட்டுச் சந்தைதான். இவை தவிர எனக்கு மட்டும் இன்னொரு ஆடு உண்டு. செகந்தராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் ஞாயிறு பள்ளிச் சுவரில், துணியில் வரைந்த படமாக அது தொங்கியது.

என் அப்பா திருநெல்வேலியிலிருந்து ரயில்வே வேலைக்காக இங்கே வந்தவர். எங்களுக்கு வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் உருதும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேதாகமத் தமிழ். அந்தப் படத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்று பலிபீடத்தருகே கிடந்தது. மற்றதன் தலைமேல் நீண்ட தாடி வைத்த ஆசாரியர் இரண்டு கைகளையும் வைத்திருந்தார். அதற்கு அப்பால் வெறும் மணல்.

“டீச்சர், இரண்டாவது ஆடு என்ன ஆச்சு?” என்று கேட்டேன்.

“வனாந்தரத்துக்குப் போய்விட்டது.”

“அப்புறம்?”

“அப்புறம் இயேசு வந்துவிட்டார். இனி ஆடு வேண்டாம்.”

எட்டு வயதுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. ஐம்பது வயது வரைக்கும்கூடப் போதுமானதாகத்தான் இருந்தது.

லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது அந்தச் சடங்கு. வருஷத்துக்கு ஒரே நாள், பாவநிவிர்த்தி நாளில் மட்டும், பிரதான ஆசாரியன் திரைக்கு உட்புறம் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் நுழைவான். இரண்டு கடாக்களுக்கும் சீட்டுப் போடப்படும். கர்த்தருக்கென்று சீட்டு விழுந்த ஆடு பலியாகும். அதன் ரத்தம் கிருபாசனத்தின் மேலும் முன்னும் தெளிக்கப்படும். மற்ற ஆட்டின் தலையில் கை வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களையெல்லாம் அறிக்கையிட்டு, அதை உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். எபிரெய மூலத்தில் இந்த ஆடு ‘அசாசேலுக்கு’ உரியது. அது ஒரு பேயின் பெயரா, ஓர் இடத்தின் பெயரா, ‘போகும் ஆடு’ என்று பிரிக்க வேண்டிய சொல்லா என்பதில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை. 1530-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் மூன்றாவது வழியில் போய் ‘ஸ்கேப்கோட்’ என்ற சொல்லை உண்டாக்கினார். நமது பழைய தமிழ் வேதாகமம் அதை ‘போக்காடு’ என்கிறது. போக்கிவிடுகிற ஆடு. கச்சிதமான சொல்.

ஆனால் பேச்சுத் தமிழில் போக்காடு நிலைக்கவில்லை. யாராவது ஒருவன் தலையில் பழியைப் போட்டால் ‘அவனைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள்’ என்கிறோம். பலியான ஆடு வேறு, பழி சுமந்து போன ஆடு வேறு என்பதை நாம் மறந்து, இரண்டு ஆட்டையும் ஒன்றாக்கிவிட்டோம்.

கிறிஸ்தவ வியாக்கியானமும் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் செய்தது. எபிரெயர் நிருபத்தின்படி ஆசாரியன் வருஷந்தோறும் மிருக ரத்தத்தோடு நுழைந்தது வெறும் நிழல்; கிறிஸ்து தம் சொந்த ரத்தத்தோடு ஒரே தரம் நுழைந்ததுதான் பொருள். அதே நிருபம் அவர் நகர வாசலுக்குப் புறம்பே பாடுபட்டதையும் சொல்கிறது. ஆக, பலியான ஆடும் அவரே, வெளியே கொண்டுபோகப்பட்ட ஆடும் அவரே. பர்னபாவின் பெயரால் வழங்கும் பழைய நிருபமும், இரண்டாம் நூற்றாண்டு யுஸ்தீனும் இரண்டு ஆடுகளையும் கிறிஸ்துவாகவே பார்த்தார்கள். மூன்றாம் நூற்றாண்டு ஓரிகன் மட்டும் கொஞ்சம் விலகி யோசித்தார். பிலாத்துவின் முன் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கொல்லப்பட்டார், பரபாஸ் உயிரோடு விடப்பட்டான். அவன்தான் போக்காடு என்றார்.

இந்த வியாக்கியானங்களை நான் குறை சொல்லவில்லை. அவற்றில்தான் வளர்ந்தேன். என் வாழ்க்கையில் ஒரு முறை அவற்றை நான் பயன்படுத்திக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வந்தேன்.

1983-ல் நான் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஒரு சப்ளையரின் பில்லை இரண்டு முறை பாஸ் செய்துவிட்டேன். 11,400 ரூபாய். முதல் தடவை பணம் கொடுத்த வவுச்சரைப் பார்க்காமல் டூப்ளிகேட் பில்லில் கையெழுத்துக்கு வைத்தது நான்தான். ஆனால் வவுச்சர் கட்டுகள் பக்கத்து மேஜைக்காரரின் பொறுப்பில் இருந்தன. அவர் தெலுங்குக்காரர். என்னைவிட நான்கு வயது பெரியவர். மத்தியானம் என் டிபன் பாக்ஸில் இருக்கும் புளிக்குழம்புக்காகத் தன் கோங்குரா பச்சடியில் பாதியைத் தருகிறவர். விசாரணையில் என்னைக் கேட்டார்கள். “எனக்கு ஞாபகம் இல்லை, சார்” என்றேன். அந்த நான்கு வார்த்தைகள் போதுமானவையாக இருந்தன. பணம் சப்ளையரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது. அவருக்கு ஒரு இன்கிரிமென்ட் நிறுத்தம், மூன்று மாதத்தில் வாரங்கலுக்கு மாற்றல். அடுத்த வருஷம் பதவி உயர்வு எனக்கு வந்தது.

அந்த 1984-ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் நான் அழுதேன். பிரசங்கம் செய்ய வந்திருந்தவர் யூத நூல்களிலிருந்து ஒரு செய்தி சொன்னார். போக்காட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு சிவப்பு நூல் இருந்ததாம். ஆடு வனாந்தரத்தை அடைந்ததும் அந்த நூல் வெளுத்துவிடுமாம். ஆனால் எருசலேம் தேவாலயம் இடிக்கப்படுவதற்கு முந்தைய நாற்பது வருஷம் அது வெளுக்கவே இல்லை என்று தல்மூதே ஒப்புக்கொள்கிறதாம். தேவாலயம் இடிந்தது கி.பி. 70. நாற்பதைக் கழித்தால் 30. சிலுவையின் வருஷம்! சபையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. கணக்கு எழுதுகிறவனான எனக்கு அந்தக் கழித்தல் மிகவும் பிடித்திருந்தது. என் நூல் வெளுத்துவிட்டது என்று நினைத்தேன். கடவுளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாரங்கலுக்கு ஒரு தபால் கார்டு போடவில்லை.

முப்பத்து நான்கு வருஷம் அப்படியே போயிற்று.

2018-ல், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஹஜ் யாத்திரைக்குக் கிளம்பினார். நாம்பள்ளி ஹஜ் ஹவுஸுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு மாலை என் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கைகளைக் குவித்துக்கொண்டு, “கஹா சுனா மாஃப் கரோ, சாப்” என்றார். ‘சொன்னது கேட்டதையெல்லாம் மன்னித்துவிடுங்கள்’ என்கிற வழக்கமான வார்த்தைதான். ஹைதராபாத்தில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெருத்தெருவாகப் போய்ச் சொல்வார்கள். நானும் வழக்கம்போல, “அப்படியொன்றும் இல்லையே பாய்” என்றேன். அவர் விடவில்லை. “இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி விஷயத்தில் உங்களைப் பற்றி நான் மேல் மாடிக்காரரிடம் தப்பாகப் பேசினேன்” என்றார். எனக்கு அது தெரியவே தெரியாது. “தெரியாத விஷயத்துக்கு ஏன் பாய்?” என்றேன். அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான். அடியானுக்குச் செய்த குற்றத்தை அந்த அடியான்தான் மன்னிக்க வேண்டும் என்றார். அந்த மன்னிப்பு இல்லாமல் போனால் ஹஜ் முழுமையாகாது என்பது அவர் எண்ணம்.

அவர் போன பிறகு வெகுநேரம் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முதலில் சொற்கள் கண்ணில் பட்டன. நோன்பையோ சத்தியத்தையோ முறித்தவர் செய்ய வேண்டிய பரிகாரத்தை இந்த ஊர் முஸ்லிம்கள் ‘கஃபாரா’ என்பார்கள். யூதர்களின் பாவநிவிர்த்தி நாளான ‘யோம் கிப்பூர்’ என்பதிலுள்ள ‘கிப்பூர்’ அதே வேர். ‘குர்பானி’யும் எபிரெய ‘கொர்பான்’ என்பதன் உறவு. என் பக்கத்து வீட்டில் நாள்தோறும் புழங்குகிற சொற்களை நான் லேவியராகமத்தில் மட்டும் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மிஷ்னாவைப் படித்தேன். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூல் அது. ஹெர்பர்ட் டான்பி என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் 1933-ல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைத்தது. அதில் ‘யோமா’ என்ற பகுதி முழுக்கப் பாவநிவிர்த்தி நாளைப் பற்றியது. என் ஞாயிறு பள்ளிக் கேள்விக்கு விடை அங்கே இருந்தது.

இரண்டு ஆடுகளும் தோற்றத்திலும் உயரத்திலும் விலையிலும் ஒத்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் வாங்கப்பட வேண்டும். எது பலி, எது போக்கு என்பதைச் சீட்டு மட்டுமே தீர்மானிக்கும். போக்காடு நகரைவிட்டுக் கிளம்பும்போது ஜனங்கள் அதன் ரோமத்தைப் பிடுங்கி, சீக்கிரம் எடுத்துக்கொண்டு போ என்று துரத்துவார்களாம். அதற்காக அது தனியே போக ஒரு மேடைப்பாதையே கட்ட வேண்டி வந்தது. வழியில் பத்துப் பந்தல்கள். ஒவ்வொன்றிலும் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகிறவனுக்குச் சாப்பாடும் தண்ணீரும் தயாராக இருக்கும். ஆட்டுக்கு என்று எதுவும் சொல்லப்படவில்லை. கடைசியில் ஒரு செங்குத்துப் பாறை. சிவப்புக் கம்பளி நூலில் பாதியைப் பாறையிலும் பாதியைக் கொம்புகளுக்கு இடையிலும் கட்டி, ஆட்டைப் பின்பக்கமாகத் தள்ளிவிடுவார்கள். பாதி மலை இறங்குமுன் அது துண்டு துண்டாகிவிடும்.

உயிரோடு விடப்பட்டதாக நான் நினைத்திருந்த ஆடு அது. ரோமத்தைப் பிடுங்கித் துரத்தினவர்கள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது எங்கே விழுந்தது என்று அவர்கள் பார்க்கவில்லை. வாரங்கலில் என் நண்பர் எந்த வீட்டில் குடியேறினார், நடுவருஷத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா என்று நானும் கேட்கவில்லை.

பெரிய வெள்ளிப் பிரசங்கத்தின் சிவப்பு நூலையும் தேடிப் பார்த்தேன். பிரசங்கியார் பொய் சொல்லவில்லை. பாபிலோனியத் தல்மூதில், யோமா பகுதியின் 39-ஆம் ஏட்டில் நாற்பது வருஷக் கணக்கு இருக்கிறது. ஆனால் அதே பகுதியின் ஒன்பதாம் ஏட்டை அவர் சொல்லாமல் விட்டார். இரண்டாவது தேவாலயம் ஏன் அழிந்தது என்று ரபிக்கள் அங்கே கேட்டுக்கொள்கிறார்கள். அக்காலத்து ஜனங்கள் வேதம் படித்தார்கள், கட்டளைகளைக் கைக்கொண்டார்கள், தர்மமும் செய்தார்கள். இருந்தும் ஒருவரையொருவர் காரணமில்லாமல் பகைத்தார்கள், அதனால் அழிந்தது என்பது அவர்கள் பதில். நாம் அவர்களுடைய நூலிலிருந்து நமக்கு வேண்டிய கழித்தல் கணக்கை எடுத்துக்கொண்டு, அவர்கள் தங்களையே குற்றம் சாட்டிக்கொண்ட பக்கத்தை மூடிவிட்டோம்.

அதோடு நிற்கவும் இல்லை. போக்காட்டின் கதையைப் பிரசங்கித்த கிறிஸ்தவ ஐரோப்பா, யூதர்களையே போக்காடு ஆக்கியது. 1348-49-ல் பிளேக் பரவியபோது யூதர்கள் கிணறுகளில் விஷம் கலந்தார்கள் என்று சொல்லி ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். கிறிஸ்துவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை ஆவணமாகச் சொன்னது 1965-ல்தான்.

தேவாலயம் போன பிறகு யூதர்களுக்குப் பலிபீடம் இல்லை, இரண்டு ஆடுகளும் இல்லை. ‘ரத்தம் இல்லாமல் அவர்களுக்கு மன்னிப்பு ஏது?’ என்று நம் பிரசங்கிகள் கேட்பார்கள். சில யூதர்கள் அந்த நாளுக்கு முன் ஒரு சேவலைத் தலையைச் சுற்றி எடுத்து அறுக்கும் வழக்கத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். நம்மூரில் திருஷ்டி சுற்றிப்போடுவதைப் போன்ற அந்தப் பழக்கத்தை, பதினாறாம் நூற்றாண்டில் யூதச் சட்டத்தைத் தொகுத்த யோசேப்பு காரோவே வேண்டாம் என்றார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். பாழான தேவாலயத்தைப் பார்த்துப் புலம்பிய சீடருக்கு யோகனான் பென் சக்காய் என்ற ரபி, அதற்கு ஈடான பரிகாரம் நம்மிடம் இன்னும் இருக்கிறது, அது மனிதர்க்குச் செய்யும் இரக்கம் என்று ஆறுதல் சொன்னதாக ஒரு கதை உண்டு.

ஆடுகள் போன இடத்தில் வந்தது ஒரு சட்டம். மிஷ்னாவின் அதே பகுதி, எட்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தை அந்த நாள் நிவிர்த்தி செய்யும். மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அந்த மனிதனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாள் தொடாது. தல்மூது இதை இன்னும் விரிக்கிறது. அவன் மன்னிக்காவிட்டால் மூன்று தடவை வரை போய்க் கேட்க வேண்டும். செத்துப்போயிருந்தால் பத்துப் பேரை அழைத்துக்கொண்டு அவன் கல்லறைக்குப் போய்க் குற்றத்தைச் சொல்ல வேண்டும். அதனால்தான் யோம் கிப்பூருக்கு முந்தைய நாட்களில் யூதர்கள் ஒருவரையொருவர் தேடிப்போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். நம் கொங்கணக் கரையில் தலைமுறை தலைமுறையாக எண்ணெய் ஆட்டிப் பிழைத்த பெனே இஸ்ரேல் யூதர்கள் எபிரெய மொழியையே மறந்திருந்த காலத்திலும் இந்த நாளை மறக்கவில்லை. மராத்தியில் அதற்குக் ‘கதவடைப்புப் பண்டிகை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளை உடுத்தி, கதவை அடைத்துக்கொண்டு உபவாசம் இருப்பார்கள். மறுநாள் கதவைத் திறந்து ஏழைகளுக்குக் கொடுத்து, சிநேகிதர்களைப் பார்க்கப் போவார்கள்.

இதையெல்லாம் படிக்கும்போது, இது யூதருக்கும் முஸ்லிமுக்கும் மட்டுமான விஷயம், நமக்குச் சிலுவை போதும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முயன்றேன். மத்தேயு ஐந்தாம் அதிகாரம் விடவில்லை. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொன்னது இயேசுவேதான். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைக் ‘கொர்பான்’ என்று சொல்லிக் கடவுளுக்கு ஒதுக்கிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறவர்களை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் அவர் கண்டிக்கிறார். இந்த யூதச் சட்டத்துக்கும் அவர் பேச்சுக்கும் இங்கே இடைவெளியே இல்லை. ‘ஒப்புரவு’ என்ற சொல் குறளில் ‘ஒப்புரவறிதல்’ என்ற அதிகாரத்தின் பெயரிலேயே இருக்கிறது. அங்கே அது ஊரோடு சேர்ந்து வாழ்வது, பிறருக்கு உதவுவது. நம் வேதாகம மொழிபெயர்ப்பாளர்கள் கடவுளோடு சமாதானமாவதற்கும் சகோதரனோடு சமாதானமாவதற்கும் அந்த ஒரே சொல்லைப் போட்டார்கள். நான் ஒரு பாதியை மட்டும் படித்திருந்தேன். என் தொழிலில் தினமும் செய்த வேலைக்கும் அதே பெயர்தான்: பாங்க் ரீகன்சிலியேஷன். பாங்கின் புத்தகமும் நம் புத்தகமும் இரண்டும் மேஜைமேல் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் கூட்டினாலும் கணக்கு ஒத்துப்போகாது.

இந்தத் தேடலில்தான் குண்டூர் மாவட்டம் கொத்தரெட்டிபாளையத்தில் இருக்கும் பெனே எப்ராயீம் மக்களைப் பற்றியும் தெரிந்துகொண்டேன். தோல் வேலை செய்துவந்த மாதிகா சமூகத்தார். இவர்களின் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிறிஸ்தவர்களானார்கள். 1980-களின் இறுதியில் சில குடும்பங்கள், தாங்கள் இஸ்ரேலின் காணாமற்போன கோத்திரத்தார் என்று சொல்லி யூத முறைக்கு மாறின. பிறகு ஒரு தொழுகைக்கூடமும் கட்டிக்கொண்டன. யூலியா எகொரோவா, ஷாஹித் பர்வேஸ் இருவரும் 2013-ல் இவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். அவர்களின் பூர்வீகம் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் ஊரின் தீட்டைச் சுமக்கவும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்களுக்கு, பாளையத்துக்கு வெளியே துரத்தப்பட்ட ஆட்டின் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஞானஸ்நானம் அவர்களைக் கடவுளோடு ஒப்புரவாக்கியது. ஊர் வந்து அவர்களிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டும் என்று நம் சபைகளும் அதிகம் பிரசங்கித்ததில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் நண்பரின் விலாசத்தை ஒரு பென்ஷன்காரர் மூலம் பிடித்தேன். காஜிபேட்டையில் இறங்கி ஹனுமகொண்டாவுக்கு ஆட்டோ. மாற்றலாகிப் போனவர் அங்கேயே வீடு கட்டித் தங்கிவிட்டார். கதவைத் திறந்த அவர் மனைவிக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “ரண்டி” என்றார். குரலில் எதுவும் இல்லை. அவர் கண் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் இருந்தார். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததைத் தெலுங்கில் சொல்லி முடித்தேன். பில், கையெழுத்து, ‘ஞாபகம் இல்லை’ எல்லாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எனக்குத் தெரியும். டூப்ளிகேட் பில்லில் உன் இனிஷியல் இருந்தது. நான் பார்த்தேன்” என்றார்.

“அப்படியானால் ஏன் நீங்கள் சொல்லவில்லை?”

“நீ சொல்லுவாய் என்று இருந்தேன். இரண்டு மூன்று வருஷம் இருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்டு வாங்க முடியவில்லை. பதவி உயர்வில் எனக்கு வந்த பணத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தபோது கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் மனைவி காபி கொண்டு வந்தார். சர்க்கரை வியாதி பற்றிப் பேசினோம். கிளம்பும்போது வாசல் வரை வந்த அவர் மனைவி, “பெரியவன் அந்த வருஷம் ஒரு வகுப்பு போய்விட்டான். நல்லாப் படிக்கிற பையன்” என்று மட்டும் சொன்னார். ரயிலில் திரும்பும்போது 1984-ல் இருந்த லேசான மனது எனக்கு வரவில்லை. ஆனால் அன்றைக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. அந்தக் கடனின் அளவு.

மறு வருஷம் மறுபடி போனேன். அப்போது அந்தப் பெரிய பையனும் வீட்டில் இருந்தான். அவனிடமும் சொன்னேன். அவன் கோபப்பட்டான், அது சரியும்கூட. நண்பர் அவனை அடக்கிவிட்டு, என்னைச் சாப்பிட்டுப் போகச் சொன்னார். இலையில் கோங்குரா பச்சடி இருந்தது. அதை வேண்டுமென்றே வைத்தார்களா, அந்த வீட்டில் தினமும் உள்ளதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இப்போதும் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனைக்குப் போகிறேன். எல்லாம் முடிந்தது என்ற பிரசங்கத்தை முன்பைவிட நன்றாகவே கேட்கிறேன். என் பங்கில் முடியாமல் இருப்பது என்ன என்பதும் எனக்குத் தெரியும். மூன்று தடவை கேட்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு ஆகியிருக்கிறது.